பல பாட்டுக்கு ஒரு கிட்டார்: சேலத்தில் முதல் எலெக்ட்ரிக் வாங்குகிறவர்களுக்கு

ஆடி வந்துவிட்டால் சேலத்தில் மெல்லிசைக் குழுக்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கியதும் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை மேடை போட்டுவிடுவார்கள். அந்த மேடைகளில் கிட்டார்காரன் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். எண்பதுகளின் மெலடிக்கு ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகச் சொட்ட வேண்டும். அது முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் குத்துப்பாட்டு. அடுத்து, தொண்ணூறுகளுக்குப் பிந்தைய ராக் சாயல் பாட்டு ஒன்று. அதில் கிட்டார் உறும வேண்டும். நடுவில் விழாக்குழுவிலிருந்து சீட்டு வரும்: "அம்மன் பாட்டு ஒண்ணு." கிட்டாரை மாற்ற நேரமும் கிடையாது, மாற்றுவதற்கு இன்னொன்றும் கிடையாது.

போன வருடம் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் நாகலூரிலிருந்து ஒரு பையன் வந்தான். சர்ச்சில் அக்கூஸ்டிக் வாசிக்கிறவன், விரல் நன்றாக ஓடும். "அண்ணா, எலெக்ட்ரிக் ஒண்ணு வாங்கணுங்க. சர்ச்சுக்கும் ஆகணும், காலேஜ் பேண்டுக்கும் ஆகணும், இளையராஜா பாட்டும் வாசிக்கணும். ஒண்ணே எல்லாத்துக்கும் போதுமாங்க?" என்றான். போதும் என்றேன். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்: அப்படிப்பட்ட கிட்டார் எந்தப் பாடத்திலும் முதல் மார்க் வாங்காது, எதிலும் ஃபெயிலும் ஆகாது. அவனோடு நான்கு வாரம் அலைந்ததில் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன்

ஒரு தாளில் அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் வாசிக்கப்போகும் பத்துப் பாட்டுகளை எழுதுங்கள். கனவுப் பாட்டுகள் வேண்டாம், உண்மையில் வாசிக்கப்போவதை மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சுத்தம்' அல்லது 'முரடு' என்று குறியுங்கள். கிட்டார் ஒலி தெளிவாக, மணி போலக் கேட்டால் சுத்தம். கரகரத்து, நீண்டு, உறுமினால் முரடு. பத்தில் ஒன்பது முரடு என்றால் உங்களுக்கு வேண்டியது மெட்டல் கிட்டார். இந்தக் கட்டுரை அவ்வளவாக உதவாது. பத்தும் சுத்தம் என்றாலும் தேர்வு எளிது. நாலுக்கு ஆறு, ஐந்துக்கு ஐந்து என்று கலந்து வந்தால் மேலே படியுங்கள். பையனின் தாளில் ஏழு சுத்தம், மூன்று முரடு.

பிக்கப்: பாதித் தீர்ப்பு இங்கேதான்

எலெக்ட்ரிக் கிட்டாரின் குரல் பெரும்பாலும் பிக்கப்பில் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலையும், சுருளில் சின்ன மின்சாரம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப், அதாவது கிட்டார் செருகும் ஒலிபெருக்கிப் பெட்டி, பெரிதாக்குகிறது. நைலான் கம்பி போட்டால் இந்தப் பிக்கப்பில் சத்தமே வராது என்பதற்கும் இதுதான் காரணம்.

ஒரே சுருள் இருந்தால் சிங்கிள் காயில். ஒலி பளிச்சென்று, நுனி தெரியும்படி இருக்கும். மெலடிப் பாட்டுகளின் சொட்டல், ஃபங்க் வகை வெட்டு, நாட்டுப்புறத் துள்ளல் எல்லாவற்றுக்கும் இதுதான் அழகு. குறை என்னவென்றால், கம்பியின் அதிர்வோடு சுற்றியிருக்கிற மின்சாரத்தின் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். சீரியல் பல்பும் ஜெனரேட்டரும் சூழ்ந்த கோயில் மேடையில் நின்று பாருங்கள். பாட்டுக்கு நடுவே 'ம்ம்ம்' என்று ஒரு வண்டு கூடவே பாடும்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் ஹம்பக்கர். 1950களின் நடுவில் கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர் உருவாக்கினார். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் ஒலி மட்டும் கூடி வரும். ஒலி தடிமனாக, சூடாக இருக்கும். முரட்டு ஒலிக்கு இதுவே சரி. சுத்தமான சொட்டலுக்குக் கொஞ்சம் கம்பளி போர்த்தினாற்போலத் தோன்றும்.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு எச்.எஸ்.எஸ். அமைப்பு: பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பாலம்) பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் நெக் (விரல் ஓடும் கழுத்து) பக்கமும் சிங்கிள் காயில். ஐந்து நிலை ஸ்விட்ச் இருக்கும். முதல் நிலையில் உறுமல். கடைசி நிலையில், அதாவது நெக் பிக்கப்பில், உருண்டையான மெல்லிய குரல். டோன் குமிழைக் குறைத்தால் ஜாஸ் பக்கம்கூட எட்டிப் பார்க்கலாம். நாலாவது நிலையில் நெக்கும் நடுவும் சேர்ந்து, கண்ணாடி போல ஒரு ஒலி வரும். நம் மெலடிகளில் முக்கால்வாசியை நான் அந்த நிலையிலேயே ஓட்டிவிடுகிறேன். நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றியிருந்தால் அந்த நிலையில் இரைச்சலும் அடங்கும். இப்போது வரும் பெரும்பாலான கிட்டார்களில் அப்படித்தான் சுற்றுகிறார்கள்.

இந்த இடைநிலைகளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1954இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது அதில் மூன்று நிலை ஸ்விட்ச்தான் இருந்தது. வாசிப்பவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைக்கு நடுவே நிறுத்தி அந்தக் கண்ணாடி ஒலியைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் ஐந்து நிலை ஸ்விட்சைப் போட்டது 1977இல்தான். இருபது வருடத்துக்கு மேல் ஒரு நல்ல சத்தத்துக்காக ஸ்விட்சை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

ஹம்பக்கரில் ஒரு சுருளை மட்டும் அணைக்கும் 'காயில் ஸ்ப்ளிட்' வசதி இருந்தால் இன்னும் நல்லது. டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கர் சிங்கிள் காயிலாக மாறிவிடும். யமஹா பசிஃபிக்கா 112வி-யில் இந்த இரண்டும் உண்டு. ஸ்குவயர், கோர்ட், ஐபானஸ் எல்லாவற்றிலும் எச்.எஸ்.எஸ். மாடல்கள் கிடைக்கின்றன. குறிப்பாக இதைத்தான் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே மாடலில் இரண்டு பெட்டியைத் திறந்தால் ஒன்று நன்றாகவும் மற்றது சுமாராகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஹம்பக்கர் உள்ள, கிப்ஸனின் லெஸ் பால் வகை பற்றிப் பையன் கேட்டான். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஒலியும் அப்படித்தான். ஆனால் ஏழு சுத்தம், மூன்று முரடு என்ற தாளுக்கு அது பொருந்தாது. கனமும் அதிகம், பல மாடல்கள் நாலு கிலோ தாண்டும். மூன்று மணி நேரக் கச்சேரி முடிந்து தோள்பட்டைக்கு ஆயின்மென்ட் தடவுகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

பிரிட்ஜ்: நான் பட்ட அவமானம்

என் முதல் எலெக்ட்ரிக்கை அதன் அழகுக்காகவே வாங்கினேன். கறுப்பு, கூர்மையான கொம்புகள், இரண்டு பக்கமும் கம்பியைப் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ். அதன் கைப்பிடியை அமுக்கினால் சுருதி பாதாளத்துக்குப் போய்த் திரும்ப வரும். வீட்டில் அசத்தினேன். இரண்டாவது மாதம் ஒரு திருவிழா மேடையில், பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் இடத்தில் மூன்றாவது கம்பி அறுந்தது. அந்த வகை பிரிட்ஜ் பின்னால் உள்ள ஸ்ப்ரிங்குகளுக்கும் முன்னால் உள்ள கம்பிகளுக்கும் நடுவே தராசு போல மிதக்கிறது. ஒரு கம்பி போனால் தராசு சாயும்; மிச்சமிருக்கும் ஐந்தும் ஒரே நேரத்தில் சுருதி விலகும். பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்று மீதிக் கச்சேரிக்கு நான் தாளம்தான் போட்டேன்.

ஆகவே முதல் கிட்டாருக்கு இரண்டு வகைதான். அசையாத பிரிட்ஜ், அல்லது ஸ்ட்ராட் பாணியில் ஆறு திருகிலோ இரண்டு திருகிலோ நிற்கும் சாதாரண ட்ரெமலோ, அதாவது கைப்பிடியால் அசைக்கும் பிரிட்ஜ். ட்ரெமலோ வாங்கினால், பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்ப்ரிங்கை இறுக்கச் சொல்லுங்கள். பிரிட்ஜ் உடம்போடு படிந்து உட்காரும், கம்பி அறுந்தாலும் மற்றவை பெரிதாக நகராது. பிறகு விருப்பப்பட்டால் தளர்த்திக்கொள்ளலாம்.

நெக், நீளம்

ஃபெண்டர் வகையில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக்கட்டை) பிரிட்ஜ் வரை 25.5 அங்குலம், கிப்ஸன் வகையில் 24.75. முக்கால் அங்குலம்தான் என்று நினைக்காதீர்கள். அதே கம்பி, அதே சுருதி என்றால் நீளமானதில் இறுக்கம் கூடும், ஒலி கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கை சின்னதாக இருந்தால் குட்டை நீளம் சுகம். ஆனால் ஒன்பது செட் எனப்படும் மெல்லிய கம்பியைப் போட்டால் 25.5-இலும் சிரமம் தெரியாது. நான் புதியவர்களுக்கு அதையே போடச் சொல்கிறேன்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் கிட்டார் பக்கம் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கமகத்துக்குக் கம்பியை இழுக்க வேண்டும், ஒலியும் இழுத்த தூரம் வரை நிற்க வேண்டும். யு. ஸ்ரீநிவாஸ் சாதாரண எட்டுக் கம்பி மாண்டலினை விட்டுவிட்டு ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதும் இதற்காகத்தான். கிட்டார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கச்சேரி செய்கிறார். நீங்களும் அந்த வழி என்றால் உயரமான ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு), மெல்லிய கம்பி, நெக் பிக்கப் என்று பாருங்கள். எச்.எஸ்.எஸ். கிட்டார் இங்கேயும் காலை வாராது.

விரல் படும் பலகையைக் காட்டிக் கடைக்காரர் 'ரோஸ்வுட்', அதாவது ஈட்டி, என்பார். விலை குறைந்த பல மாடல்களில் இப்போது அது லாரல் மரம். 2017இல் ஈட்டி வகை மரங்களுக்கு உலக அளவில் வர்த்தகக் கட்டுப்பாடு வந்தபோது பல நிறுவனங்கள் மாறின. 2019இன் கடைசியில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்த பிறகும் பலர் திரும்பவில்லை. ஒலியில் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. விலையை மட்டும் ரோஸ்வுட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

கடையில் செய்ய வேண்டியது

சேலம் கடைகளில் நான் பார்த்தவரை அக்கூஸ்டிக்தான் வரிசையாகத் தொங்கும். எலெக்ட்ரிக் நாலைந்து இருந்தால் அதிகம். பத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஜங்ஷனில் ரயில் ஏறிக் கோவையோ பெங்களூரோ போய்விட்டு வாருங்கள். ஒரு நாள் செலவு, ஆனால் வருடக்கணக்கில் வருத்தம் மிச்சம். கூட வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். பையில் ஒரு கேப்போ (கம்பிகளை மொத்தமாக அமுக்கிப் பிடிக்கும் கிளிப்), ஒரு சின்ன ஸ்கேல், போனில் ட்யூனர் ஆப் இருக்கட்டும்.

முதலில் கேபிளைச் செருகாதீர்கள். தச்சர் ரீப்பரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பார்ப்பார் இல்லையா, அதே மாதிரி உடம்புப் பக்கமிருந்து நெக்கைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் அதை அப்படியே திரும்ப மாட்டிவிடுங்கள். முறுக்கைச் சுலபமாகச் சரிசெய்ய முடியாது. முன்னும் பின்னுமான லேசான வளைவு பரவாயில்லை, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டு அதற்குத்தான்.

அடுத்து முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி, இருப்பதிலேயே தடித்த ஆறாவது கம்பியை நெக்கும் உடம்பும் சேரும் இடத்து ஃப்ரெட்டில் அமுக்குங்கள். ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. கேப்போவை எடுத்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியின் உயரத்தை ஸ்கேலில் பாருங்கள்: இரண்டு மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்ல ஆக்‌ஷன். மூன்றைத் தாண்டினால் விரல் வலிக்கும். ஆனால் இதைச் செட்டப்பில், அதாவது கம்பி உயரமும் வளைவும் சரிசெய்யும் வேலையில், இறக்க முடியும் என்பதால் பயப்பட வேண்டாம்.

இப்போது ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அமுக்கி ஒரு தட்டு. ஆமாம், நூற்று முப்பதுக்கு மேல் தட்டு. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். எங்கேயாவது ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'ஸ்ஸ்' என்று உரசினால் அங்கே ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் முதல் கம்பியை ஒரு முழு ஸ்வரம் வரை இழுத்துப் பாருங்கள். பாதியில் சத்தம் செத்துப்போனால் அதுவும் ஃப்ரெட் பிரச்சினைதான். பையன் ஆசைப்பட்ட நீலக் கிட்டார் இந்தச் சோதனையில்தான் விழுந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளங்கையை நெக்கின் ஓரமாக வழித்துப் பாருங்கள். ஃப்ரெட் நுனிகள் குத்துகிறதா? கோடையில் சேலத்தில் மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, நுனி வெளியே நீட்டும். இது சின்ன வேலை, அரம் போட்டுச் சரிசெய்யலாம். விலை பேச நல்ல காரணம்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மணியொலி எழுப்புங்கள்; பிறகு அதே இடத்தில் அமுக்கி வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினால் பிரிட்ஜ் திருகில் சரியாகும்.

இப்போதுதான் கேபிள். ஆம்பை எந்த எஃபெக்டும் இல்லாமல் சுத்தமாக வையுங்கள். எஃபெக்ட் போட்டுக் காட்டுகிற கடைக்காரரிடம் பணிவாக "ப்ளெயினா வைங்க" என்று சொல்லுங்கள்; எக்கோ போட்டால் தகர டப்பாவும் இனிக்கும். ஐந்து நிலையிலும் வாசியுங்கள். குமிழ்களைச் சுற்றும்போது கரகரக்கிறதா, ஜாக்கில் கேபிளை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும். தொட்டால் கூடுகிறது என்றால் உள்ளே வயரிங் தப்பு.

பிறகு முரடாக வைத்து, கிட்டாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். முரடு அடங்கிச் சுத்தத்துக்கு வர வேண்டும், ஒலி மூடிப்போகக் கூடாது. மேடையில் காலால் பெடலைத் தேடாமல் ஒரு சுண்டுவிரலால் பாட்டை மாற்றும் வித்தை இது. பல பாட்டு வாசிக்கிறவனுக்கு இதைவிட உபயோகமான சோதனை எனக்குத் தெரியாது.

கடைசியாக, ஸ்ட்ராப் மாட்டிப் பத்து நிமிடம் நின்றபடி வாசியுங்கள். கையை விட்டால் தலைப்பக்கம் கீழே சாய்கிறதா என்று பாருங்கள்.

பழைய கிட்டார் என்றால் கூடுதலாக மூன்று: ஃப்ரெட்டில் கம்பி தேய்த்த பள்ளம், தலைப்பகுதி சேரும் இடத்தில் ஒட்டுப்போட்ட கீறல், ட்ரஸ் ராடு திருகின் தேய்ந்த வாய். மூன்றில் கடைசி இரண்டு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

பணத்தைப் பிரிப்பது, ஆம்ப்

கையில் 30,000 ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். முழுவதையும் கிட்டாரில் போடாதீர்கள். பதினெட்டு, இருபதுக்குள் கிட்டார். எட்டு அளவில் ஆம்ப் அல்லது மல்டி எஃபெக்ட் ப்ராசஸர் (பல வகை ஒலி மாற்றங்களை ஒரே பெட்டியில் தருவது). மிச்சம் கேபிள், ஸ்ட்ராப், பை, ஒரு செட் கம்பி, செட்டப் கூலி. செட்டப் செய்த சுமாரான கிட்டார், செட்டப் செய்யாத நல்ல கிட்டாரைத் தோற்கடிப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

சுவரொட்டிய வீட்டில் குடியிருந்தால் ப்ராசஸரும் ஹெட்போனும் போதும். பக்கத்து வீட்டு அக்காவின் சாபம் இல்லாமல் இரவு பதினொன்றுக்கும் வாசிக்கலாம். மேடைக்கும் அதுவே போகும். ஆனால் கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகாதீர்கள். பிக்கப்புக்கு அதிக இம்பீடன்ஸ் (மின் தடுப்பு) உள்ள இன்புட் வேண்டும், மிக்ஸரின் மைக் சேனலில் அது இருக்காது. கிட்டார் ஸ்பீக்கர் வடிகட்டும் கூர்மையும் அப்படியே வெளியே வரும். கொசு ரீங்காரம் போலக் கேட்கும், பழி உங்கள் மேல் விழும். ப்ராசஸரில், கிட்டார் ஸ்பீக்கர் போல வடிகட்டும் 'கேபினெட்' என்ற பகுதியை ஆன் செய்து அனுப்புங்கள்.

எர்த் விஷயத்தை விளையாட்டாக எடுக்காதீர்கள். மூன்றாவது பின்னை உடைத்துச் செருகும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும்போதுதான் அதன் விலை தெரியும். மேடையேறியதும் டெஸ்டர் வைத்து மைக்கையும் ஆம்பையும் பார்க்கச் சொல்லிவிட்டு வாயைத் திறங்கள்.

மலை ஏறும் கிட்டார்

பையன் கடைசியில் வாங்கியது வெள்ளை நிற எச்.எஸ்.எஸ்., ஸ்ப்ரிங் இறுக்கிய ட்ரெமலோ. அஸ்தம்பட்டியில் செட்டப் முடித்துவிட்டு, மே மாத வெயிலில் மலைக்குக் கிளம்பினான். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவில் காய்ந்த சூட்டிலிருந்து பனிக்குப் போகிறது கிட்டார். மரம் அங்கே ஈரம் குடிக்கும், குளிரில் எஃகுக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும்.

அவனிடம் சொன்னது இதுதான். பஸ்ஸில் எஞ்சின் பக்கம் வைக்காதே, மடியில் வை. வீட்டுக்குப் போனதும் பையை உடனே திறக்காதே, ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். ஒரு வாரம் கழித்து நெக்கைத் திரும்பப் பார், வளைவு மாறியிருந்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதே. பைக்குள் சிலிக்கா ஜெல் போடு. காற்றின் ஈரம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி ஈரப்பதம் 45லிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கவனி. ஐப்பசி, கார்த்திகையில் வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைக்காவிட்டால் பதினைந்தே நாளில் துரு பிடிக்கும்.

ஒரு மாதம் கழித்து போன் செய்தான். "அண்ணா, நாலாவது நிலையிலயே வெச்சு வாசிச்சுட்டு இருக்கேங்க, மாத்தவே மனசு வரல." மற்ற நாலையும் எப்போது தொடப்போகிறாய் என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டு முரடாக இருக்கிறது, அப்போது தொடுகிறேன் என்றான்.